ஒளிப்புள்ளியிலிருந்து 4130 ராமானுஜன் வரை: சிறுகோளைக் கண்டுபிடிப்பது, பாதை கணக்கிடுவது, பெயர் வைப்பது – முழுமையான வழிகாட்டி

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகிறவர்களுக்கு, ஜவ்வாது மலைக் காட்டுக்கு மேலே ஒரு பெரிய குவிமாடம் தலை நீட்டுவது தெரியும். வைணு பாப்பு வானாய்வகம். இன்று அந்த இடம் திருப்பத்தூர் மாவட்டம். 2019-இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை வேலூர் மாவட்டம். இந்தக் கட்டுரையின் கதை நடந்த 1988-இல் அது வட ஆற்காடு மாவட்டம்.

1988 பிப்ரவரி 17 அன்று, அங்கிருந்த 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் வானியலாளர் ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன். இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு நூறு வருடங்களுக்கும் மேல் ஆகியிருந்தது.

இதே காவலூரில் இதே ராஜமோகன் கண்டுபிடித்த இன்னொரு சிறுகோள் 8348 பட்டாச்சார்யா. அதன் கண்டுபிடிப்புத் தேதி 1988 ஜனவரி 26. அதாவது ராமானுஜனுக்கு மூன்று வாரம் முன்பே. ஆனால் அதன் எண் நாலாயிரம் தள்ளி வருகிறது. முன்னால் பார்த்தது பின்னால் போனது ஏன்?

வேலூரில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிறுகோள் தேடும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சிறுகோள் விஷயத்தில் பாதி புரிந்துவிடும். படிப்படியாகப் போவோம்.

எங்கே தேடுகிறோம்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில், சூரியனிலிருந்து சுமார் 2.1 முதல் 3.3 வானியல் அலகு தூரத்தில் இருப்பது முதன்மைச் சிறுகோள் பட்டை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம், ஏறக்குறைய 15 கோடி கி.மீ., ஒரு வானியல் அலகு. பட்டை என்றதும் கற்கள் நெருக்கியடித்துப் பறப்பதாக நினைக்க வேண்டாம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம். அத்தனை சிறுகோள்களையும் உருட்டிச் சேர்த்தாலும் நம் நிலாவின் எடையில் இருபதில் ஒரு பங்கு தேறாது. எண் கொடுக்கப்பட்ட சிறுகோள்கள் மட்டும் ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அதில் பெயர் பெற்றவை சில பத்தாயிரம்தான்.

முதல் படி: எதிர்நிலையில் பிடியுங்கள்

சூரியன், பூமி, சிறுகோள் மூன்றும் இந்த வரிசையில் ஒரே கோட்டில் வருவதற்கு எதிர்நிலை என்று பெயர். அப்போது சிறுகோள் நமக்கு மிக அருகில் இருக்கும், மிகப் பிரகாசமாகத் தெரியும், நள்ளிரவில் உச்சிக்கு வரும். தேடல் படங்கள் பெரும்பாலும் இந்தத் திசையை நோக்கித்தான் எடுக்கப்படும்.

எதிர்நிலையில் இன்னொரு வசதி, அப்போது சிறுகோள் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகும் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போகிறது. நம் வண்டி அதைத் தாண்டும்போது, தூரத்து மலையை வைத்துப் பார்த்தால் கூட்ஸ் வண்டி பின்னால் போவது போலிருக்கும். பூமி எக்ஸ்பிரஸ், சிறுகோள் கூட்ஸ் வண்டி, நட்சத்திரங்கள்தான் அந்த மலை.

எவ்வளவு நகரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பூமியின் வேகம் வினாடிக்கு 29.8 கி.மீ. சூரியனிலிருந்து 2.42 வானியல் அலகில் இருக்கும் சிறுகோளின் வேகம் சுமார் 19 கி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 10.6 கி.மீ. எதிர்நிலையில் நமக்கும் அதற்கும் தூரம் 1.42 வானியல் அலகு. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 37 விகலை நகர்வு வரும். ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு விகலை. ஒரு நாளைக்குக் கால் பாகை. முழு நிலவின் அகலம் அரைப் பாகை என்பதால், ஒரு நாளில் நிலவின் பாதி அகலம் தள்ளி நிற்கும். ஒரு படத்தில் நட்சத்திரமாகவே தெரிகிற புள்ளி, அரை மணி கழித்து எடுத்த படத்தில் லேசாக இடம் மாறியிருக்கும். அந்த லேசான மாற்றம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம்.

கம்ப்யூட்டரில் தேடும் முன் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். வெஸ்டா என்ற பிரகாசமான சிறுகோள் எதிர்நிலைக்கு வரும் காலத்தில் சாதாரண 10×50 பைனாகுலரே போதும். ஸ்டெல்லேரியம் செயலியில் வெஸ்டா எந்த நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சுற்றியுள்ள நட்சத்திரங்களை ஒரு தாளில் வரையுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி வரையுங்கள். எல்லாப் புள்ளிகளும் அதே இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும். 1861-இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான். நட்சத்திர வரைபடத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளியைப் பிடித்தார். அந்த ஏப்ரல் 17 அன்று அவர் கண்டதுதான் 67 ஆசியா. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். அப்புறம் 80 சாஃபோ, 87 சில்வியா, 107 கமில்லா, 1885-இல் 245 வேரா என்று, ஆசியாவையும் சேர்த்துச் சென்னையிலிருந்தே ஐந்து. வேராவுக்குப் பிறகு விழுந்த இடைவெளிதான் காவலூரில் நிரம்பியது.

வேலூர் நகருக்குள் கோட்டைப் பக்கமோ சத்துவாச்சாரியிலோ நின்று இதைச் செய்வது கஷ்டம். விளக்கு வெளிச்சம் அதிகம். ஏலகிரி, ஒடுகத்தூர் பக்கம் போனால் வானம் இருட்டாகக் கிடைக்கும். காட்டுப் பகுதிக்குள் இரவில் அனுமதியில்லாமல் போகாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் பக்கத்து வானம் நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வானத்தை மூடிவிடும். ராமானுஜனும் பட்டாச்சார்யாவும் ஜனவரி–பிப்ரவரியில் கிடைத்ததைக் கவனியுங்கள்.

இரண்டாம் படி: நான்கு படங்களும் பொய்ப் புள்ளிகளும்

காவலூரில் ஷ்மிட் தொலைநோக்கியைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அங்கேயே 102 செ.மீ., 234 செ.மீ. தொலைநோக்கிகள் இருந்தன. 102 செ.மீ. கருவி 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டதில் பங்கு பெற்றது. ஆனால் பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரு சின்னத் துண்டைத்தான் ஆழமாகப் பார்க்கும். தேடலுக்கு வேண்டியது அகலம். ஷ்மிட் வகை ஒரே படத்தில் வானத்தின் பல பாகைகளை அள்ளிவிடும். மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது தூண்டிலைவிட வீச்சு வலை நல்லது. 'கல்கி' என்று பெயரிட்ட தேடல் திட்டத்தில் அந்த வலையைத்தான் வீசினார்கள். அன்று புகைப்படப் பதிவு. இன்று மின்னணுக் கேமரா.

உங்களிடம் தொலைநோக்கியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐசக் என்று அழைக்கப்படும் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, ஹவாய் தீவுகளில் உள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களைப் பள்ளி, கல்லூரி அணிகளுக்குக் கட்டணமில்லாமல் அனுப்புகிறது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் ஒரு தொகுப்பு. அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் நான்கையும் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிமிட்டவிட்டுப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். சிறுகோள் டக், டக், டக் என்று நான்கு அடி வைக்கும்.

இங்கேதான் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். நானும் ஆரம்பத்தில் அவசரப்பட்டிருக்கிறேன். புள்ளி நகர்ந்தால் எல்லாம் சிறுகோள் ஆகிவிடாது. ஒரே ஒரு படத்தில் பளிச்சென்று தெரிந்து மற்ற மூன்றில் இல்லாதது பெரும்பாலும் காஸ்மிக் கதிர் கேமராவில் மோதிய தடம். கேமராச் சில்லில் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பழுதான புள்ளி உண்டு. படங்களை நட்சத்திரங்களை வைத்துச் சரிசெய்து அடுக்கும்போது அது நகர்வது போல ஏமாற்றும். நீளமான கோடாகத் தெரிந்தால் செயற்கைக்கோள்.

நான் நான்கு சோதனை வைத்திருக்கிறேன். நான்கு படங்களிலும் இருக்கிறதா? நேர்கோட்டில் போகிறதா? நேரத்துக்கு ஏற்ற தூரம் நகர்கிறதா, அதாவது சம இடைவெளியில் எடுத்த படங்களில் சம தூரம்? பிரகாசமும் வடிவமும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றா? இதில் ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள். இல்லாததை அனுப்பினால், உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ ஒருவர் அதைத் தேடி ஒரு இரவைத் தொலைப்பார்.

நான்கும் சரியென்றால், ஏற்கெனவே தெரிந்த சிறுகோள்களின் பட்டியலைப் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை உங்கள் புள்ளிக்கு ஏற்கெனவே ஒரு எண் இருக்கும். ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த அளவீட்டை அனுப்புங்கள். தெரிந்த சிறுகோளின் பாதையும் அதனால் துல்லியமாகும்.

மூன்றாம் படி: அளந்து அனுப்புவது

ஒரு அவதானிப்பில் நான்கே விஷயம்தான். நேரம். வல ஏற்றம், இது வானத்தின் தீர்க்கரேகை மாதிரி. நடுவரை விலக்கம், இது அட்சரேகை மாதிரி. பிறகு பொலிவெண், இது எவ்வளவு பிரகாசம் என்பதைச் சொல்லும் எண். இதோடு எந்த வானாய்வகத்திலிருந்து பார்த்தது என்பதற்கான குறியீடு சேரும். இவை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் மைனர் பிளானெட் சென்டருக்குப் போகும். உலகத்தின் எல்லாச் சிறுகோள் அளவீடுகளும் சேருகிற இடம் அது.

பொலிவெண் என்ற அளவுகோலைக் கணிதமாக்கியவரும் போக்சன்தான். 1856-இல் அவர் வைத்த விதிப்படி, பொலிவெண்ணில் ஐந்து குறைந்தால் பிரகாசம் 100 மடங்கு கூடும். ஒன்று குறைந்தால் 2.512 மடங்கு. நீங்கள் அறிக்கையில் 19.8 என்று எழுதும்போது நுங்கம்பாக்கத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரின் அளவுகோலைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

நேரத்தில் மட்டும் கோட்டை விடாதீர்கள். எல்லாம் உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். 18-ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்கு நீங்கள் எடுத்த படம், கணக்கில் 17-ஆம் தேதி 20.30. தேதியே மாறிவிடுகிறது பாருங்கள். எங்கள் குழுவில் ஒருமுறை இந்த ஐந்தரை மணியைக் கழிக்க மறந்து, ஓர் இரவு அளவீடு முழுவதும் வீணானது. நிமிடத் தவறும் சின்னதில்லை. மணிக்கு 37 விகலை நகரும் பொருளுக்கு ஒரு நிமிடம் தப்பினால் 0.6 விகலை தப்பும். நல்ல அளவீட்டில் அனுமதிக்கக்கூடிய பிழையைவிட அது பெரியது.

நான்காம் படி: இரண்டாம் இரவு

ஒரே இரவில் பார்த்ததை யாரும் கண்டுபிடிப்பு என்று ஏற்க மாட்டார்கள். அது ஒற்றை இரவுத் தடம் என்று ஒரு கோப்பில் போய்த் தூங்கும். சில நாட்களுக்குள் இன்னோர் இரவும் அதே பொருளைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகே தற்காலிகக் குறியீடு கிடைக்கும். அந்த எதிர்நிலைக் காலத்தில் முதலில் அவதானிப்பை அனுப்பியவருக்குத்தான் கண்டுபிடித்தவர் என்ற பெயர். ஆனால் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் எழுதப்படுவது சிறுகோளுக்கு நிரந்தர எண் கிடைக்கும்போதுதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சீரஸின் கதையைக் கேளுங்கள். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலேர்மோவில் பியாஸி முதல் சிறுகோளைக் கண்டார். பிப்ரவரி வரைதான் அவரால் தொடர முடிந்தது. அப்புறம் அது சூரியனின் பக்கம் போய் மறைந்துவிட்டது. மறுபடி வெளியே வரும்போது எங்கே தேடுவது? கையில் இருந்தது பாதையின் மிகச் சிறிய துண்டு. 24 வயதான ஜெர்மன் கணிதவியலாளர் கௌஸ் புதிய கணக்கு முறை ஒன்றை உருவாக்கி, அந்தத் துண்டிலிருந்து முழுப் பாதையையும் கணித்தார். அதே வருடம் டிசம்பர் 31 இரவு, அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே வான் சாக் என்பவர் சீரஸை மீட்டார். பியாஸி பார்க்காவிட்டால் கதையே இல்லை. கௌஸ் கணக்குப் போடாவிட்டால் பியாஸி பார்த்தது தொலைந்தே போயிருக்கும்.

ஐந்தாம் படி: பாதை கணக்கிடுவது

ஒரு சிறுகோளின் பாதையைச் சொல்ல ஆறு எண்கள் போதும். நீள்வட்டம் எவ்வளவு பெரியது, எவ்வளவு நசுங்கியது என்று இரண்டு. அந்த நீள்வட்டம் பூமியின் பாதைத் தளத்துக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அந்தத் தளத்தை எந்தத் திசையில் தாண்டி மேலே ஏறுகிறது, சூரியனுக்கு மிக அருகில் வரும் முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூன்று. குறிப்பிட்ட ஒரு நாளில் சிறுகோள் பாதையின் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒன்று.

ஒவ்வோர் அவதானிப்பும் இரண்டு கோணங்கள் தரும். ஆறு எண்களுக்கு மூன்று அவதானிப்பு. கௌஸின் முறை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. கையால் போட நாள் கணக்காகும். இன்று ஃபைண்ட்ஆர்ப் போன்ற இலவச மென்பொருளில் அளவீடுகளைக் கொடுத்தால் நொடியில் வரும். ஆனால் மூன்றும் ஒரே வாரத்துக்குள் எடுத்தவை என்றால் விடையை நம்ப வேண்டாம். பாலாற்றின் நூறு அடிக் கரையைப் பார்த்துவிட்டு ஆறு முழுக்க எப்படி வளைகிறது என்று சொல்வது போல அது.

பாதை தெரிந்த சிறுகோளை வைத்து ஒரு கணக்கு போடுவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளையே போடலாம். 67 ஆசியாவின் சராசரித் தூரம் 2.42 வானியல் அலகு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, தூரத்தை மும்மடி ஆக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுற்றுக்காலம் வருடத்தில் வரும். 2.42-இன் மும்மடி 14.17. அதன் வர்க்கமூலம் 3.76. ஆக மூன்றே முக்கால் வருடம். அதன் நீள்வட்டத்தின் நசுக்கம், அதாவது வட்டவிலகல், 0.185. எனவே சூரியனுக்கு அருகே வரும்போது 2.42-ஐ 0.815-ஆல் பெருக்க 1.97. தொலைவில் 1.185-ஆல் பெருக்க 2.87. ஒரே சிறுகோள், ஒரு நேரம் 1.97, இன்னொரு நேரம் 2.87. எல்லா எதிர்நிலையிலும் அது ஒரே பிரகாசத்தில் தெரியாததற்கு இதுதான் காரணம்.

அதே போக்சன் 1866-இல் கண்ட 87 சில்வியாவுக்குப் போடுங்கள். தூரம் 3.48. மும்மடி 42.1, வர்க்கமூலம் 6.49. ஆறரை வருடம். ஒரே மனிதர், ஒரே ஊர், ஆனால் ஒன்று பட்டையின் உள்பக்கம், இன்னொன்று வெளிவிளிம்பையும் தாண்டி. சில்வியாவுக்கு ரோமுலஸ், ரெமுஸ் என்று இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2001-லும் 2004-லும்தான் தெரிந்தது. இரண்டு துணைக்கோள் உள்ளதாக முதலில் அறியப்பட்ட சிறுகோள் அதுவே.

இந்த இரண்டு தூரங்களுக்கும் நடுவே சில காலி இடங்கள் இருக்கின்றன. 2.50, 2.82, 3.28 வானியல் அலகுகளில் சிறுகோள்கள் மிகக் குறைவு. வியாழன் ஒரு சுற்று வர 11.86 வருடம். 2.50-இல் சுற்றும் கல், வியாழன் ஒரு சுற்று வருவதற்குள் சரியாக மூன்று சுற்று வந்துவிடும். அதனால் வியாழனின் இழுப்பு ஒவ்வொரு முறையும் அதே தாளத்தில் விழும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நசுக்கம் கூடிக்கூடி, கல் பட்டையைவிட்டே வெளியேறிவிடும். இதைக் கண்டு சொன்னவர் கிர்க்வுட் என்பதால் கிர்க்வுட் இடைவெளிகள் என்று பெயர். உங்கள் கணக்கில் 2.50 என்று விடை வந்தால் உடனே சந்தோஷப்படாமல் அளவீட்டை ஒருமுறை சரிபாருங்கள்.

ஆறாம் படி: எண் கிடைக்கும் வரை

எதிர்நிலை மறுபடி எப்போது வரும்? ஆசியாவுக்கு 1-லிருந்து 1/3.76-ஐக் கழித்தால் 0.734. ஒன்றை அதனால் வகுத்தால் 1.36 வருடம். பதினாறு மாதத்துக்கு ஒருமுறை. நிரந்தர எண் வாங்க, பொதுவாக நான்கு எதிர்நிலைகளிலாவது அந்தச் சிறுகோள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆக நான்கு வருடத்துக்கும் மேல். பழைய படங்களைத் தோண்டி, யாரும் கவனிக்காமல் விட்ட தடத்தைக் கண்டெடுத்தால் காலம் குறையும். தடம் கிடைக்காவிட்டால், இடையில் யாரும் பார்க்காவிட்டால், வருடங்கள் கூடிக்கொண்டே போகும்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சிறுகோள்களின் எண் கண்டுபிடித்த தேதி வரிசையில் வருவதில்லை. பாதை உறுதியான வரிசையில் வருகிறது. ராமானுஜனின் பாதை முதலில் உறுதியானது, 4130 கிடைத்தது. மூன்று வாரம் முன்பே படத்தில் விழுந்த பட்டாச்சார்யா, பாதை உறுதியாகும்வரை காத்திருந்து 8348 வாங்கியது.

தற்காலிகக் குறியீட்டைப் படிக்கும் முறை

எண் கிடைக்கும் வரை சிறுகோளுக்கு ஒரு தற்காலிகக் குறியீடு இருக்கும். ராமானுஜனுடையது 1988 டிக்யூ1. பார்க்கப் புதிர் போல இருந்தாலும் படிப்பது சுலபம்.

முதலில் வருடம். அடுத்த எழுத்து அரை மாதம். ஆங்கில ஏ என்றால் ஜனவரி 1 முதல் 15 வரை, பி என்றால் ஜனவரியின் மீதி, சி பிப்ரவரியின் முதல் பாதி, டி இரண்டாம் பாதி. ஐ என்ற எழுத்தை 1-உடன் குழம்பும் என்று விட்டுவிடுவார்கள். இப்படியே டிசம்பர் கடைசிக்கு ஒய். அடுத்த எழுத்து, அந்த அரை மாதத்தில் எத்தனையாவது என்ற வரிசை. ஐ இல்லாமல் 25 எழுத்து. 25 முடிந்ததும் மறுபடி ஏ-யில் தொடங்கிப் பக்கத்தில் 1 போடுவார்கள். இன்னொரு சுற்று முடிந்தால் 2.

இப்போது டிக்யூ1. டி, பிப்ரவரி இரண்டாம் பாதி. 17-ஆம் தேதியோடு பொருந்துகிறது. ஐ-யை விட்டுவிட்டு எண்ணினால் க்யூ 16-ஆவது எழுத்து. 1 என்றால் ஒரு சுற்று முடிந்தது, 25. கூட்டினால் 41. அந்த அரை மாதத்தில் உலகம் முழுக்கக் குறியீடு பெற்றவற்றில் 41-ஆவது. பட்டாச்சார்யாவின் குறியீடு 1988 பிஎக்ஸ். நீங்களே போட்டுப் பாருங்கள், 23 வர வேண்டும். காவலூரின் இன்னொரு சிறுகோள் 1989 சிடி4. நான்கு சுற்று 100, டி நான்காவது எழுத்து, ஆக 104. இன்று அரை மாதத்தில் ஆயிரக்கணக்கில் வருவதால் பின்னால் வரும் எண் மூன்று இலக்கத்துக்குப் போய்விடுகிறது.

ஏழாம் படி: பெயர்

எண் வந்த பிறகுதான் பெயர். கண்டுபிடித்தவருக்குப் பத்து வருடம் முன்னுரிமை. அவர் முன்மொழிவார், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழு பரிசீலித்து ஏற்கும். பெயரோடு, யார் அல்லது எது, ஏன் என்று சில வரி விளக்கமும் எழுத வேண்டும்.

விதிகள் கறாரானவை. இடைவெளியும் சேர்த்து 16 எழுத்துக்குள், ரோமன் எழுத்தில். முடிந்தால் ஒரே சொல். உச்சரிக்க வர வேண்டும். யாரையும் புண்படுத்தக் கூடாது. ஏற்கெனவே உள்ள பெயரை ஒத்திருக்கக் கூடாது. அரசியல்வாதிகள், ராணுவத் தலைவர்கள் பெயரென்றால் அவர்கள் இறந்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். வியாபாரப் பெயர் கூடாது. வளர்ப்புப் பிராணிகளின் பெயரை ஊக்குவிப்பதில்லை. பணம் எங்கும் கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு சிறுகோளுக்கோ நட்சத்திரத்துக்கோ உங்கள் குழந்தையின் பெயரை வைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பி ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

சீனிவாச ராமானுஜன் பிறந்த நூறாவது வருடம் 1987. அது முடிந்த கையோடு பிப்ரவரியில் கிடைத்த சிறுகோளுக்கு அவர் பெயர் அமைந்தது. பட்டாச்சார்யா, பாப்புவுக்குப் பின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தை நடத்திய ஜே.சி. பட்டாச்சார்யா. 7564 கோகுமேனன், இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன். காவலூரை உருவாக்கிய பாப்புவின் பெயரோ, சிலி நாட்டின் லா சில்லாவிலிருந்து ரிச்சர்ட் வெஸ்ட் 1979-இல் கண்ட 2596-ஆவது சிறுகோளுக்குப் போயிற்று. உயிரோடு இருப்பவர் பெயரும் வைக்கலாம். ஜப்பானில் 1988-இல் கண்ட 4538-ஆவது சிறுகோள், நம் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரால் விஷிஆனந்த்.

மேலே சொன்ன 1989 சிடி4, இன்று 5178 பட்டாழி. கேரள ஆய்வாளர் சைனுதீன் பட்டாழியின் பெயர். காவலூரில் கிடைத்த கல்லில் ஒரு 'ழ' ஏறி உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் உச்சரிக்க வராது, ஏற்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

வேலூரிலிருந்து தொடங்க

அணியாகச் சேர்ந்து ஐசக் தேடலில் பதிவு செய்வது மிகச் சுலபமான வழி. ஐந்து பேர், ஒரு கம்ப்யூட்டர், தடங்கலில்லாத இணையம் போதும். ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் உள்ளவர்கள் தங்கள் மொட்டைமாடிக்கே வானாய்வகக் குறியீடு கேட்கலாம். பாதை நன்றாகத் தெரிந்த சில சிறுகோள்களைத் தனித்தனி இரவுகளில் அளந்து அனுப்ப வேண்டும். அளவீடு துல்லியமாக இருந்தால் மைனர் பிளானெட் சென்டர் குறியீடு தரும். காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

எங்கள் குழுவின் நோட்டில் ஒரு தடம் இருக்கிறது. முதல் இரவு நான்கு படம், நான்கு சோதனையும் தேறியது, தெரிந்த பட்டியலில் இல்லை. இரண்டாம் இரவுப் படங்கள் இன்னும் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டான். பாலாறு, ஜவ்வாது, கௌண்டன்யா. எல்லாவற்றுக்கும் ரோமன் எழுத்தில் எண்ணி, 16-க்குள் வருகிறது என்று பக்கத்தில் டிக் போட்டிருக்கிறான். "சார், முதல்ல ரெண்டாம் ராத்திரி வரணும் இல்ல?" என்று அவனே கேட்டான். வரணும்ப்பா என்றேன். தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்கக் கூடாது என்று சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.